வலியறியாப் பாதங்கள்: திருமணி முதல் பழைய மகாபலிபுரம் சாலை வரை

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தொகுதியில் ஒற்றைக்காலில் நின்று தவமியற்றுபவன் அருச்சுனனா, பகீரதனா என்னும் வழக்கு நெடுநாளாக நடந்துவருகிறது. அவ்வழக்குக்குள் நாம் இப்போது நுழையப்போவதில்லை. நம் கண் சென்று நின்றது அவனுடைய பாதத்தில். விலா எலும்புகள் தெரிய மெலிந்த உடலின் முழுப் பாரத்தையும் அந்த ஒரு பாதமே தாங்குகிறது. நாமாக இருந்தால் சற்று நேரத்தில் காலை மாற்றியிருப்போம். வலி மாற்றச் சொல்லும். வலி சொல்வதைக் கேட்டும் மாற்றாமல் நிற்பதால்தான் அது தவம். வலியே தெரியாத ஒருவர் அப்படி நின்றாலும் நடந்தாலும் அதைத் தவம் என்பதற்கில்லை. தோல் கன்றும், கொப்புளிக்கும், உடைந்து புண்ணாகும். சீழ் வைத்து எலும்புவரை புரையோடும்.

இக்கட்டுரை அந்தச் சீழ்க்கட்டியைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அதை மருத்துவம் எழுதிவைத்த வரலாற்றைப் பற்றியது. சிற்பத்தை விட்டுப் புறப்பட்டால் இரண்டு சாலைகள் உண்டு. மேற்கே திருக்கழுக்குன்றம் வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் செங்கல்பட்டு. அதனருகே திருமணி என்னும் சிற்றூரில் நடுவண் அரசின் தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. வடக்கே பழைய மகாபலிபுரம் சாலையைப் பிடித்தால் திருப்போரூர், கேளம்பாக்கம், சிறுசேரி, நாவலூர் என ஊர்கள் வரும். பிறகு கண்ணாடிக் கட்டடங்கள் வரும். அமெரிக்க நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளைப் படித்து அவற்றை எண்களாக மாற்றும் தொழில் இச்சாலையிலும் சென்னையின் பிற பகுதிகளிலும் பரவியிருக்கிறது. ‘மெடிக்கல் கோடிங்’ என்று நம் பிள்ளைகள் சொல்வது இதைத்தான். திருமணியும் சிறுசேரியும் 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து உருவான செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளேயே அடங்குகின்றன. ஒன்றுக்கொன்று உறவில்லாதவை போலத் தோன்றும் இவ்விரண்டு இடங்களையும் ஒரு பாதப்புண் இணைக்கிறது என்பதே நாம் சொல்லவருவது.

கல்லூரியில் நம்மிடம் பகுதி ஒன்று தமிழ் படித்துச் சென்ற தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல் மாணவர்கள் பலர் இன்று இத்தொழிலில் இருக்கின்றனர். அலைபேசியை வாயிலில் வைத்துவிட்டு உள்ளே சென்று, முகம் தெரியாத ஒருவரின் காலைப் பற்றிய குறிப்பைத் திரையில் படிப்பார்கள். ‘பாதத்தில் சீழ்க்கட்டி, கீறி வடிக்கப்பட்டது’ என்று மருத்துவர் எழுதியிருந்தால் நமக்குப் போதும். குறியீட்டாளருக்குப் போதாது. எந்தப் பாதம்? வலது என்றால் எல் 02.611, இடது என்றால் எல் 02.612, எழுதப்படவில்லை என்றால் 619, அதாவது ‘குறிப்பிடப்படாத பாதம்’. எவ்வளவு ஆழம்? தோலுக்கடியில் எளிய கட்டி ஒன்று என்றால் செய்முறைக் குறியீடு 10060. சிக்கலானது, அல்லது பல என்றால் 10061. தசையைப் போர்த்திய உறைக்கும் கீழே கீறவேண்டி வந்திருந்தால் 28002. நோயாளிக்குச் சர்க்கரை நோய் உண்டா? பாதத்தில் இருப்பது கட்டியா, ஆறாப்புண்ணா? சர்க்கரை நோயால் வந்த பாதப்புண் என்றால் அதற்கு இ 11.621 என்று தனி எண் உண்டு. இவற்றில் எதையும் குறியீட்டாளர் தாமாக ஊகிக்கலாகாது. ஐயமிருந்தால் மருத்துவருக்கே வினாவைத் திருப்பி அனுப்பவேண்டும். எழுதப்படாதது நடக்கவே இல்லை என்பது அத்தொழிலில் புகுந்த முதல் வாரத்திலேயே கற்றுத்தரப்படும் பாடம்.

இத்தனை நுணுக்கம் எதற்கு? பணத்துக்கு. அந்த எண்ணை வைத்துத்தான் காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக்குப் பணம் தருகிறது. இதைக் கேட்டவுடன் முகம் சுளிக்கத் தோன்றும். ஆனால் மருத்துவப் பதிவு கூலிக் கணக்கோடு சேர்ந்து பிறப்பது புதிதன்று. பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, பாலாறு செய்யாற்றையும் வேகவதியையும் கூடுமிடத்தில், திருமுக்கூடல் பெருமாள் கோயில் இருக்கிறது. அங்கே 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டப்பட்ட நெடிய கல்வெட்டு, கோயிலைச் சார்ந்த ஆதுலசாலை ஒன்றைப் பற்றிப் பேசுகிறது. நோயாளிகளுக்குப் 15 படுக்கைகள், ஒரு மருத்துவர், கத்தி பிடிக்கும் சல்லிய மருத்துவர் ஒருவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளைப் பேணும் பெண்கள், நாவிதர் என ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல் என்பது கல்லில் இருக்கிறது. சேமித்துவைத்த மருந்துகளின் பெயர்களும் இருக்கின்றன. அப்படுக்கைகளில் படுத்தவர்கள் யார், அந்தச் சல்லிய மருத்துவர் எவருடைய கட்டியைக் கீறினார் என்பது மட்டும் இல்லை. படியளப்பவர் கேட்பதையே பதிவேடு சொல்லும். அன்று நெல், இன்று டாலர்.

நோயைப் பட்டியலிட்டு எண்ணிடும் வழக்கமும் உயிரோடிருப்பவருக்காகத் தொடங்கியதன்று. 1893-இல் பிரெஞ்சுக்காரரான ழாக் பெர்த்தியோன் உலக நாடுகளுக்கென முன்வைத்த பட்டியல், இறப்புக்கான காரணங்களின் பட்டியல். கொல்லாத நோய்க்கு அதில் வேலையில்லை. காலில் ஆறாப்புண்ணோடு 40 ஆண்டுகள் நடந்தவர், கடைசியில் காய்ச்சலில் இறந்தால் காய்ச்சல் கணக்கில் சேர்வார். புண் எந்தக் கணக்கிலும் சேராது. உலக சுகாதார நிறுவனம் பொறுப்பேற்று 1948-இல் கொண்டுவந்த 6-ஆம் திருத்தத்தில்தான் உயிரோடிருப்பவரின் பிணிகளுக்கும் முறையாக இடம் கிடைத்தது.

அப்பட்டியலில் நம் ஊரின் பெயரும் ஒரு பாதத்தின் வழியாகவே ஏறியிருக்கிறது. 1842-இல் மதுரையில் பணியாற்றிய கில் என்னும் ஆங்கிலேய மருத்துவர், கால் வீங்கிப் பல துளைகள் வழியே சீழும் குருணையும் கசியும் நோயொன்றை எழுதிவைத்தார். அது ‘மதுரைப் பாதம்’ என்றே உலகெங்கும் அறியப்பட்டது. 1860-இல் அதற்கு ‘மைசெட்டோமா’ என்னும் அறிவியல் பெயரைத் தந்த வான்டைக் கார்ட்டர், கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலுக்குப் படம் வரைந்தவர். இன்றைய பட்டியலில் அதன் எண் பி 47. வெறுங்காலோடு வயலில் நடந்து முள் குத்திக்கொண்ட உழவர்களின் நோய் அது. ஊரின் பெயர் நிலைத்தது; உழவர் ஒருவர் பெயரும் நிலைக்கவில்லை.

இனித் திருமணிக்கு வருவோம்.

1924-இல் லேடி வில்லிங்டன் தொழுநோயாளர் இல்லமாக அது தொடங்கியது. அப்போது நடப்பிலிருந்த சட்டம் 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம். பிச்சையெடுத்துத் திரியும் ஏழை நோயாளியைக் காவலர் பிடித்துச் செல்லலாம். மருத்துவ ஆய்வாளர் நோய் உண்டென்று சான்றெழுதினால் அவரைக் காப்பகத்தில் அடைத்துவைக்கலாம். மருத்துவப் பதிவு நோயாளிக்கு மருந்தாக அமையாமல் விலங்காகவும் அமைந்த காலம் அது. அச்சட்டம் நூலேட்டிலிருந்து முற்றாக நீக்கப்பட 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்நாளில் தொழுநோயரின் பாதத்தில் ஆறாப்புண் இருந்தால் அதற்குத் தனியே விளக்கம் தேவைப்படவில்லை. ‘அழுகும் நோய், அழுகுகிறது’ என்பதே மக்களின் கருத்து. மருத்துவர் பலரின் கருத்தும் அதுவே. விரல்கள் தேய்வதும் பாதம் குழிவதும் கிருமி சதையைத் தின்பதால் என்று நம்பினார்கள். கிருமியே காரணம் என்றான பின் புண்ணிடம் கேட்க வேறு கேள்வி ஏது?

1930களின் நடுவில் அங்கே தலைமை மருத்துவராக வந்தவர் ராபர்ட் காக்ரேன். தொழுநோயாளரைத் தொட்டுச் சோதித்து, தோல்படலத்தையும் நரம்பையும் முறையாகக் குறித்துவைக்கும் மருத்துவத்தைத் தமிழகத்தில் வளர்த்தவர்களுள் முதன்மையானவர். பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் முதல்வரானார். 1914-இல் பிறந்து, கொல்லிமலையில் வெறுங்காலோடு மலைச்சரிவில் ஓடி வளர்ந்த பால் பிராண்ட் என்னும் எலும்பு அறுவை மருத்துவர், இங்கிலாந்தில் படித்துவிட்டு 1946-இன் இறுதியில் வேலூருக்கு வந்து சேர்ந்தார். 1947-இல் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுக்கு அழைத்துச் சென்றார்.

அன்று நடந்ததைப் பிராண்ட் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். வளைந்து முடங்கிய விரல்களோடு நின்ற நோயாளி ஒருவரிடம் தம் கையைத் தந்து அழுத்தச் சொன்னார். தளர்ந்த பிடியை எதிர்பார்த்தவருக்கு, பொறுக்கமுடியாத அளவு இறுகிய பிடி கிடைத்தது. அந்தக் கையில் நல்ல தசைகள் உயிரோடிருந்தன. தம் பிடியின் வலிமை தமக்கே தெரியவில்லை என்பதுதான் அம்மனிதரின் குறை. எலும்பு மருத்துவர் எவரும் இந்நோயை ஏன் ஆராயவில்லை என்று பிராண்ட் கேட்க, அப்படி எவரும் முன்வரவில்லை என்றே காக்ரேன் விடை சொன்னார்.

கையில் தொடங்கிய அந்த வினா பாதத்துக்கு இறங்கியது. வேலூரில் பிராண்டும் உடனிருந்தோரும் ஒரு வேலையை விடாமல் செய்தார்கள். நோயாளியின் கையிலோ காலிலோ புதிய புண் தோன்றினால் ‘நோய் முற்றிவிட்டது’ என்று எழுதி முடிக்கவில்லை. நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். விடை ஒவ்வொன்றாக வந்தது. செருப்பினுள் நீட்டிக்கொண்டிருந்த ஆணி, அடுப்பிலிருந்து துணியின்றி இறக்கிய பாத்திரம், ஓய்வின்றி நடந்த நெடுவழி. பாதத்தில் சிறு கொப்புளம் வந்தால் நாம் நொண்டுவோம். நம்மை அறியாமலே பாரத்தை வேறு பக்கம் சாய்ப்போம். உணர்வற்ற பாதத்துக்கு நொண்டத் தெரியாது. அதே இடத்தில் மீண்டும் மீண்டும் மிதித்து, உள்ளே சிதைந்து, சீழ் கோத்து, ஒருநாள் வெளியே உடையும். சதையைத் தின்றது கிருமியன்று. கிருமி நரம்பைக் கெடுத்தது. எஞ்சியதை நடையே முடித்தது.

இது தெரிந்தபின் மருத்துவம் எளிதாயிற்று. புண்பட்ட காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்தால் ஆறாப்புண் என்று பெயர்பெற்றதும் ஆறியது. இம்முறையை 1930களிலேயே கொழும்பில் கையாண்டவர் மில்ராய் பால் என்னும் இலங்கை அறுவை மருத்துவர் என்பதையும் இங்கே நாம் நினைக்கவேண்டும். ஆறிய காலுக்கு நுண்துளை ரப்பரில் மெத்தென்ற செருப்பு வேலூர் வட்டாரத்தில் உருவாயிற்று. இன்று சர்க்கரை நோயாளிகள் கடையில் பெயர்சொல்லி வாங்கும் எம்.சி.ஆர். செருப்பின் முன்னோர் அதுதான். திருமணி இல்லம் 1955-இல் நடுவண் அரசின் நிறுவனமாயிற்று.

பதிவேட்டிலும் ஒரு புதிய கட்டம் பிறந்தது. தொழுநோயால் நேரும் ஊனத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் வகுத்த படிநிலைகள் 1988-இல் மூன்றாகச் சுருக்கப்பட்டன. ஒவ்வொரு கைக்கும், ஒவ்வொரு பாதத்துக்கும் தனித்தனியே எண் இடவேண்டும். குறையேதும் இல்லையென்றால் 0. கண்ணுக்குத் தெரியும் புண்ணோ சிதைவோ இருந்தால் 2. நடுவிலுள்ள 1 என்னும் எண்ணைத்தான் நாம் வியந்து பார்க்கிறோம். பார்வைக்கு நல்ல பாதம், ஆனால் உணர்வில்லை என்பது அதன் பொருள். புண் வருமுன்பே, இங்கே வரப்போகிறது என்று எழுதிவைக்கும் எண் அது. கண்ணால் காணமுடியாத ஓர் இல்லாமையைப் பதிவேட்டில் ஏற்ற, தொட்டுப்பார்த்து ‘தெரிகிறதா?’ என்று ஒவ்வொரு பாதத்தையும் கேட்டாகவேண்டும். மனிதரைத் தொட அஞ்சிய நோயின் பதிவேட்டில், தொடாமல் நிரப்பமுடியாத கட்டம் ஒன்று வந்து சேர்ந்தது.

1966-இல் பிராண்ட் அமெரிக்கா சென்றார். லூசியானா மாநிலத்துக் கார்வில் என்னும் ஊரில் இருந்த அரசுத் தொழுநோய் மருத்துவமனை அவர் பணியிடம். வீட்டாருக்கு இழுக்கு வரக்கூடாதென்று நோயாளிகள் தம் சொந்தப் பெயரைத் துறந்து புனைபெயரோடு வாழ்ந்த இடம் அது. பதிவேடு அங்கும் மனிதரை மறைத்தது. அந்நாட்டில் தொழுநோயாளர் சிலரே. சர்க்கரை நோயாளிகளோ ஏராளம். அவர்களுடைய பாதங்களிலும் நரம்பு மரத்து, அதே இடங்களில் அதே புண்கள் தோன்றுவதைக் கார்வில் மருத்துவர்கள் கண்டார்கள். சர்க்கரையால் குருதியோட்டம் குன்றிப் பாதம் அழுகுகிறது, வெட்டுவதே வழி என்று பலர் இருந்த காலத்தில், செங்கல்பட்டிலும் வேலூரிலும் கற்ற பாடம் அங்கே சென்றது. மாவுக்கட்டு சென்றது, செருப்பு சென்றது, தொட்டுக் கேட்கும் வழக்கமும் சென்றது. 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் சோதனை இன்று உலகெங்கும் சர்க்கரை நோய் மருத்துவத்தில் இருக்கிறது. காக்கும் உணர்வுக்கு அந்த இழையே எல்லை என்று 1980களில் ஆய்ந்து சொன்னவர்கள் கார்வில்லைச் சேர்ந்தவர்களே.

ஆக, நம் மாணவர் இரவுப்பணியில் திரையில் காணும் பாதத்துக்கும் திருமணிக்கும் உறவுண்டு. இங்கிருந்து சென்ற வினாக்களுள் சில, அமெரிக்க மருத்துவரின் குறிப்பாகி, எண்ணாவதற்காகப் பழைய மகாபலிபுரம் சாலைக்குத் திரும்பிவருகின்றன. கடல் கடந்து சென்ற கால் ஒரு சுற்றுச் சுற்றி ஊருக்கே வந்திருக்கிறது.

ஆனால் திரும்பிவந்தது ஊரின் கால்களுக்காகவா? இந்த வினாதான் நம்மை எழுதவைத்தது.

அம்மாணவர்களுள் ஒருவர் சில திங்களுக்கு முன் நம் வீட்டுக்கு வந்திருந்தார். மாமல்லபுரத்தைச் சேர்ந்தவர், தந்தையார் கல்தச்சர். பேச்சுவாக்கில் தம் வேலையில் கண்ட ஒன்றைச் சொன்னார். அமெரிக்கக் குறிப்புகளில் வலிக்கென ஓர் அளவு உண்டு. சுழி முதல் 10 வரை நோயாளியே சொல்லவேண்டும். எலும்புவரை சீழ் சென்ற பாதத்தோடு வந்த ஒருவரின் குறிப்பில் அந்தக் கட்டத்தில் சுழி இருந்ததாம். “முதல்ல நல்ல சேதின்னு நெனச்சேன் ஐயா. அப்புறந்தான் மேல படிச்சேன், அவருக்கு ஒணர்ச்சியே இல்லேன்னு” என்றார். சற்றுப் பொறுத்துத் தம் தந்தையைப் பற்றிச் சொன்னார். கல்சில்லு உள்ளங்காலில் ஏறியிருக்கிறது, தெரியவில்லை. வீங்கியபோதும் வலிக்கவில்லை, ஆகவே மருத்துவரிடம் போகவில்லை. பிறகு சென்ற இடத்தில் கட்டியைக் கீறி, சீட்டில் ஒரே வரி எழுதித் தந்தனர். எந்தப் பாதம் என்று அதில் இல்லை. எவ்வளவு ஆழம் என்று இல்லை. சர்க்கரை உண்டா என்று இல்லை. அடுத்த மருத்துவமனை மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது. இரண்டு விரல்கள் போயின. “ராத்திரியெல்லாம் யாரோ ஒருத்தர் காலுக்கு எடதா வலதான்னு கேட்டு திருப்பி அனுப்புறேன். எங்கப்பா சீட்டுல அதைக் கேக்க எனக்குத் தோணல” என்றார் அவர்.

நாம் எவரையும் குறைகூற இதை எழுதவில்லை. புறநோயாளர் வரிசை எவ்வளவு நீளம் என்பதை அறியாதவர் எவரும் இங்கில்லை. ஆனால் வரிசையின் நீளம் மட்டும் காரணமன்று. கட்டத்தில் இடம் இருந்தால்தானே எழுத? நம் நாட்டு மருத்துவமனைகள் புள்ளிவிவரத்துக்குப் பயன்படுத்திவந்த உலகப் பட்டியலின் 10-ஆம் திருத்தத்தில் கை, கால் எதில் சீழ்க்கட்டி வந்தாலும் ஒரே எண்தான்: எல் 02.4. அதில் பாதம் என்றே தனியாக இல்லை. வலது, இடது எங்கே இருக்கும்? பாதத்தைத் தனியே பிரித்து எண்ணியது அமெரிக்கா தன் தேவைக்கு விரித்துக்கொண்ட பதிப்பு. அங்கே அந்த எண்ணுக்குப் பின்னால் பணம் நிற்கிறது, இங்கே நிற்கவில்லை. திருமுக்கூடல் கல்வெட்டின் பாடம்தான் மீண்டும்.

எனினும் பணம் கேட்காத கட்டத்தையும் மருத்துவம் ஒருமுறை உருவாக்கிக் காட்டியிருக்கிறது. எவரும் காப்பீடு தராத, ஊர் ஒதுக்கிய மனிதர்களின் பாதங்களுக்காகவே ‘1’ என்னும் அந்த எண் பிறந்தது. தொழுநோய்ப் பணியாளர்கள் சிற்றூர்களில் திண்ணையில் அமர்ந்து, பேனா முனையால் உள்ளங்காலைத் தொட்டு அதை நிரப்பினார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கான மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வாசல்வரை வந்தவர் அந்தக் காலையும் ஒருமுறை தொட்டுப் பார்த்து, எந்தக் கால், உணர்வு உண்டா இல்லையா என்று இரண்டு சொற்கள் எழுதிவைக்க அதிக நேரம் ஆகாது. படகு தள்ளுவோரும் கல்செதுக்குவோரும் வெறுங்காலோடு நடக்கும் இக்கடற்கரையில் அந்த இரண்டு சொற்கள் விரல்களைக் காக்கும்.

சீட்டை வாங்கும் நாமும் ஒன்று செய்யலாம். மருந்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன், எந்தப் பாதம் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லையென்றால் கேட்கலாம். அம்மாணவர் இப்போது தம் தந்தையின் சீட்டுகளையெல்லாம் தேதிவாரியாக ஒரு கோப்பில் அடுக்கிவருகிறார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ‘இடது’ என்று தம் கையால் எழுதிவைத்திருக்கிறார்.